நெடுநாள் சோர்வும் நெடுநாள் துணையும்

நம்முடைய ஊர்களில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால், அல்லது கால் முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்தால், ஹார்லிக்ஸ் புட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு உற்றாரும் அண்டை அயலாரும் வந்து, சில சமயம் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகூட வந்து, கட்டிலோரம் அமர்ந்து இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போவது இன்றளவும் அழியாத வழக்கமாய் இருந்துவருகிறது. அந்தக் கருணை மெய்யானது. அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் தோன்றியதில்லை. ஆனால் அதற்கு ஒரு கால எல்லை உண்டு. பத்து நாளில், மிஞ்சினால் ஒரு மண்டலத்தில், எழுந்து நடமாடிவிடுவார் என்று எதிர்பார்க்கத்தக்க நோயாளிக்கே அது உரியதாய் இருக்கிறது. குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, கேட்டதற்கு விடை சொல்லிக்கொண்டு, கூப்பிட்ட கல்யாணத்துக்கு வந்து பந்தியிலும் உட்கார்ந்துகொண்டு, உள்ளே மட்டும் எதிலும் ருசியின்றி வருஷக்கணக்காக நாட்களைத் தள்ளிவரும் ஒருவரைப் பார்க்க எவரும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவதில்லை. முதல் மாதத்தில் வந்தவர்கள் மூன்றாம் மாதத்தில் புத்திமதி சொல்லத் தொடங்குகிறார்கள். இரண்டாம் ஆண்டில் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

மனச்சோர்வு என்று வைத்தியர்கள் சொல்லும் நோயைப் பற்றிப் பத்திரிகைகளில் இப்போது அடிக்கடி எழுதப்படுகிறது, அது நல்லதே. என்றாலும், அந்த எழுத்துகளிற் பெரும்பாலானவை நோயைக் கண்டுகொள்வதையும், வைத்தியரிடம் போவதையும், குணமடைவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவதால், போய் வந்து, மருந்துண்டு, சற்றே தேறி, மறுபடியும் சரிந்து, மறுபடியும் தேறி, இப்படியே பத்தும் இருபதும் ஆண்டுகள் கடத்துகிற பெருங்கூட்டத்தார் தமக்கென ஒரு வார்த்தையும் அவற்றில் காணாமல் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களையும் அவர்களுடன் வாழ்கிறவர்களையும் பற்றியது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோருள் ஏறக்குறைய இருபதில் ஒருவர் தம் ஆயுளில் ஒரு முறையேனும் இதற்கு ஆளாகியிருக்கக் கண்டது. அதைக்காட்டிலும் நெஞ்சை உறுத்தும் வேறொரு செய்தியையும் அது வெளிப்படுத்திற்று: மனச்சோர்வுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் எவ்விதச் சிகிச்சையும் பெறாதிருந்தனர். சிகிச்சை பெறாதவர்களின் நோய் ஆறிப்போயிற்று என்று எவரும் எண்ணிவிடலாகாது; அவர்களிற் பலருக்கு அது பழக்கமாய்ப் போயிற்று என்பதே சரி.

துக்கம் வேறு, இந்த நோய் வேறு. தாயைப் பறிகொடுத்தவன் அழுகிறான். அழுகையினூடேயும் அவன் தன் குழந்தை ஓடிவந்து மடியில் ஏறினால் ஒரு கணம் முகம் மலர்கிறான். நோயுற்றவனுக்கோ அந்த ஒரு கணமும் வாய்ப்பதில்லை. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளின் பெரும்பகுதியும், வாரக்கணக்கில் தொடர்ந்து, எதிலும் நாட்டமின்மை, விடியுமுன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடத்தல், பசியின்மை அல்லது மிதமிஞ்சிய பசி, சின்னஞ்சிறு தீர்மானத்துக்கும் திண்டாடுதல், பழைய சிறு குற்றங்களெல்லாம் பெருங்குற்றங்களாய் எழுந்து வந்து நிற்றல், பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் ஆகியவை பீடிக்கின்றன. இரண்டு வாரங்கள் இவ்வாறு நீடித்தாலே வைத்தியர்கள் நோய் என்று கொள்கிறார்கள். சிலரிடம் இதே சோர்வு, உக்கிரம் குறைந்தும் கால அளவில் நீண்டும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பற்றியிருக்கிறது. அதற்கு மனநூலார் நெடுநாள் மனச்சோர்வு என்றே தனிப்பெயர் கொடுத்திருக்கின்றனர். இந்த இரண்டாம் வகையினரை அவர்களுடைய வீட்டாரே நோயாளிகள் என்று அறிவதில்லை. ‘அவர் சுபாவமே அப்படித்தான், யாரோடும் ஒட்டமாட்டார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். சுபாவமாக எண்ணப்பட்ட நோய்க்கு எவரும் வைத்தியம் தேடுவதில்லை அல்லவா?

விட்டு விட்டு வருவது இந்நோயின் இயல்பு. முதன்முறை கண்டு குணமானவர்களில் சற்றேறக்குறையப் பாதிப் பேருக்கு அது மீண்டும் வருகிறது. இரு முறை வந்தவருக்கு மூன்றாம் முறை வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். இதை மேல்நாட்டு நூல்களைக் கொண்டு மாத்திரம் நாம் அறியவில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையை வளர்த்தெடுத்த டாக்டர் வெங்கோபராவ், மதுரையிலே தம்மிடம் சிகிச்சை பெற்ற 122 மனச்சோர்வு நோயாளிகளைப் பல ஆண்டுகள் விடாது பின்தொடர்ந்து, அவர்களுடைய நோய் எவ்வாறு வந்து எவ்வாறு போயிற்று என்பதைத் தம் சகாவுடன் சேர்ந்து 1977இல் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் பிரசுரித்தார். தொலைபேசியே அரிதாயிருந்த அந்தக் காலத்தில், ஒரு முறை குணமாகிப் போனவரை மறவாமல், ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று பின்னரும் தேடி விசாரிக்கும் வைத்தியம் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு ஒரு பெருமிதமும், அதை நாம் தொடர்ந்து பரவலாக்கவில்லையே என்ற ஏக்கமும் ஒருங்கே உண்டாகின்றன.

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவரை நான் நெடுங்காலமாக அறிவேன். ஜாக்கெட்டு தைப்பதில் அவருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். அவருக்கு இந்த நோய் முதலில் உடம்பின் வழியாகத்தான் வந்தது. நெஞ்சை அடைப்பது போல இருக்கிறது, உடம்பெல்லாம் அசதி, தலை கிறுகிறுக்கிறது என்று சொல்லி, இருதயத்துக்கும் வயிற்றுக்கும் இரத்தத்துக்கும் உரிய பரிசோதனைகள் யாவும் செய்துகொண்டு, ஒவ்வோரிடத்திலும் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற விடையுடன் திரும்பினார். வலியுடன் போனவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவது அவரைப் பொய்யராக்கி அனுப்புவதற்கு ஒப்பாகும் என்பதை வைத்தியர்கள் சிந்திக்க வேண்டும். தைராய்டு சுரப்பி குன்றினாலும், இரத்தம் குறைந்தாலும் இதே அசதி வரும் என்பதால் பரிசோதனைகள் அவசியமே. ஆனால் அவை ஒன்றும் காட்டாதபோது, ‘தூக்கம் எப்படி? மனசு எப்படி இருக்கிறது?’ என்ற இரண்டு கேள்விகளை யாரேனும் கேட்டிருந்தால் அவருடைய வாழ்வில் எத்தனையோ மாதங்கள் வீணாகியிரா.

பிறகு அவரால் துணியை வெட்ட முடியாமல் போயிற்று. இதை நான் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். மேசைமேல் துணி விரித்திருக்கும். அளவு நோட்டு திறந்திருக்கும். சாக்கட்டியால் கோடும் போட்டிருப்பார். கத்தரிக்கோல் கையில் இருக்கும். வெட்டமாட்டார். கோட்டை அழிப்பார், மறுபடியும் அளப்பார், மறுபடியும் போடுவார். தைத்ததைப் பிரித்துவிடலாம், வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால், தவறிவிடுமோ என்ற அச்சம் அவரை அந்த இடத்திலேயே கட்டிப்போட்டுவிடும். முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியம் அது. வெளியே காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு அவர் சோம்பேறியாகத் தெரிவார். உள்ளே அவர் படும் பிரயாசை, ஒரு நாள் முழுவதும் மூட்டை தூக்கியவர் படுவதற்குக் குறைந்ததன்று.

அவருடைய மனைவி ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். அந்த அம்மாள் கண்டுபிடித்த உபாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ‘எழுந்து வேலையைப் பாருங்கள், கடன்காரன் வந்து நிற்கிறான்’ என்று அவர் சொல்வதில்லை. காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, “என்னங்க, இந்தப் பாவாடைக்கு மட்டும் நாடா கோத்துக் குடுத்துருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்பார். நாடா கோப்பதில் தீர்மானிக்க ஒன்றுமில்லை, தவறவும் வழியில்லை. அவர் கோத்துக் கொடுப்பார். அப்புறம் சற்று நேரம் கழித்து, “இந்த நாலு பட்டனையும் வெச்சிருங்க.” சில நாட்கள் அத்துடன் நின்றுவிடும், அதற்காக அந்த அம்மாள் முகம் சுளித்ததில்லை. சில நாட்களில் பட்டனிலிருந்து ஓரம் அடிப்பதற்கும், அதிலிருந்து, சாயங்காலம் ஆகும்போது, கத்தரிக்கோலுக்கும் அவர் வந்துவிடுவதுண்டு. காலையில் கொடுமையாயிருந்து பொழுது சாயச் சாயத் தளர்வது இந்நோயில் பலருக்கு உள்ள லட்சணம் என்பதை எந்த நூலும் படியாமலே அறிந்துகொண்டு, வெட்டுகிற வேலையையெல்லாம் மாலைக்கு ஒதுக்கி வைத்தவர் அந்த அம்மாளே. மாத்திரை போட்டது, தூங்கியது, சாப்பிட்டது, பேசியது என்று பிள்ளையின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் நாள்தோறும் ஒரு வரி எழுதியும் வைக்கிறார். அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு முறை அவர்கள் பார்க்கிற டாக்டர், நோயாளியிடம் பேசுவதற்கு முன்பு அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்குகிறார்.

அந்த அம்மாள் செய்வதற்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயர் இருக்கிறது. மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திராமல், மிகச் சிறிய ஒரு வேலையை முதலில் செய்வித்து, அந்த வழியாக மனத்தைச் சிறிது அசைத்தெடுக்கும் செயலூக்கச் சிகிச்சை அது. கோவாவில் சங்காத் என்ற நிறுவனத்தைச் சார்ந்த விக்ரம் படேலும் அவர் சகாக்களும், மருத்துவமோ மனவியலோ பயிலாத உள்ளூர்க்காரர்களுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வரும் கடுமையான மனச்சோர்வாளர்களுடன் ஆறு முதல் எட்டு அமர்வுகள் இந்த முறையிலேயே பேசவைத்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் இவர்கள் நன்கு தேறினர் என்பது 2017இல் லான்செட் இதழில் வெளியான அவர்களுடைய ஆய்வின் முடிவு. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரத்தில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர், ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வைத்தியர்களே இருந்த நிலையில், சுகாதார நிலையங்களின் வெளியே மரத்தடியில் ஒரு மரப்பலகை போட்டு, அந்தப் பகுதியின் பாட்டிமார்களைப் பழக்கி அதில் உட்காரவைத்தார். 2006இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டின் பலனும் பத்தாண்டுகளுக்குப் பின் முறையான ஆய்வினால் நிறுவப்பட்டது. நம் கிராமங்களிலும் இத்தகைய பாட்டிமார்கள் இருக்கிறார்கள்; அவர்களை முறையாகப் பழக்கி அமர்த்துவார்தாம் இல்லை.

இனி மருந்தைப் பற்றி. இதில் நம் ஜனங்களிடையே உலவும் தவறான அபிப்பிராயங்கள் ஏராளம். அவற்றால் விளையும் துன்பமும் ஏராளமாகையால் சற்று நிதானமாகவே சொல்லவேண்டும். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் இரண்டும் வேறொன்றைத் தேடும்போது அகப்பட்டவை. 1952இல் நியூயார்க்கைச் சேர்ந்த சீ வியூ மருத்துவமனையில் க்ஷயரோகிகளுக்கு இப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, படுத்த படுக்கையாயிருந்தவர்கள் எதிர்பாராத உற்சாகம் கொண்டது கவனிக்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர், வேறொரு மனநோய்க்காகத் தமக்கு அனுப்பப்பட்ட இமிப்ரமின் என்ற மருந்து அந்த நோய்க்குப் பயன்படாமல், மனச்சோர்வாளர்களுக்குப் பயன்படக் கண்டு 1957இல் அறிவித்தார். பக்கவிளைவுகள் குறைந்த ஃப்ளூவாக்ஸெட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் இனத்தைச் சேர்ந்தவையே இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் தரப்படுகின்றன.

இந்த மருந்துகள் தலைவலி மாத்திரையைப் போல அரை மணியில் வேலை செய்பவை அல்ல. இரண்டு வாரம், நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். வயிற்றுக் குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிட, நன்மை மட்டும் நான்காம் வாரத்தில் வருவதால், இடையிலே மனமுடைந்து நிறுத்திவிடுகிறவர்கள் அநேகம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட இளைஞர்களைத் தொடக்க வாரங்களில் வீட்டார் அருகிருந்து கவனித்துக்கொள்வது மிக அவசியம். முதலில் கொடுத்த மருந்து எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்வதற்கில்லை. முதல் மருந்திலேயே பூரணமாய்க் குணமடைவோர் மூன்றில் ஒரு பங்கினரே என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகையால் ஒன்று பலிக்காவிடில் மற்றொன்றுக்கு மாறுவது இந்தச் சிகிச்சையின் சாதாரணமான ஒரு படி. அதை நோயாளியின் விதியாகவோ வைத்தியரின் தோல்வியாகவோ கொள்ளலாகாது. குணமான பின்னும் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மருந்தைத் தொடரவேண்டும். அடிக்கடி வந்தவர்கள் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடரவேண்டியிருக்கும். நிறுத்துவதானாலும் வைத்தியர் சொற்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்தவேண்டும்.

‘அது தூக்க மாத்திரை, பழக்கமாகிவிடும், மூளையை மழுங்கடித்துவிடும்’ என்ற பேச்சைக் கேட்காத நோயாளி தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். பழக்கமாகிவிடக்கூடியவை வேறு: பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம் முதலிய மாத்திரைகள் அவை. விசித்திரம் என்னவென்றால், அவற்றைப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்பவர்கள், மனச்சோர்வு மருந்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். சர்க்கரை நோய்க்காரர் ஆயுளுக்கும் மாத்திரை உண்பதை ஏற்றுக்கொண்ட சமூகம் இதையும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் ஒரு நாள் முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து நீட்டி, மருந்து வாங்கிய ஒரு பெண்மணி, வாசலைத் தாண்டுவதற்குள் மாத்திரைகளையெல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு சிறு சீரக டப்பாவில் போட்டுக்கொண்டு, அட்டையைக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “மாமியார் அட்டையைப் பாத்தா மெடிக்கல்ல குடுத்து என்ன மாத்திரைன்னு கேட்டுருவாங்க சார்” என்றார். அவர் நோயைத் தாங்குவதோடு, நோயை மறைக்கும் உத்தியோகத்தையும் சேர்த்துப் பார்த்துவருகிறார்.

மறைக்கவேண்டிய நிர்ப்பந்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிவோம். வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று தெரிந்தால் மற்றப் பெண்களுக்கு வரன் அமையாது என்ற அச்சம். செய்வினை, காத்துக்கருப்பு என்று ஊர் பேசும் என்ற கூச்சம். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதால் மனத்துக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் வைத்தியத்துக்குப் பதிலாக அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதன் முடிவை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் நாடு கண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். எல்லாவற்றையும்விடக் கொடிய பரிகாரமாக எனக்குத் தோன்றுவது, ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்’ என்பது. சோர்வினால் தன் தலையைத் தானே வாரிக்கொள்ள இயலாத ஒரு பெண்ணை, விவரம் சொல்லாமல், அறிமுகமற்ற ஒரு குடும்பத்தின் பொறுப்புகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவதால், நோய் போவதில்லை. அவளுக்குத் துணையாயிருந்த தாய்வீடுதான் போய்விடுகிறது.

குடும்பம் இவ்வளவு தீங்கு செய்ய வல்லதாயினும், அதையே மருந்தாக்கலாம் என்று கண்டவர்களும் நம் நாட்டில் தோன்றினர். மனநோயாளியை உறவினரிடமிருந்து பிரித்து மதில்களுக்குள் வைப்பதே முறையென்று உலகம் நம்பியிருந்த 1950களில், அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியையும் அவர் குடும்பத்தாரையும் சேர்த்தே தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியுடன் உறவினர் ஒருவரும் தங்கவேண்டும் என்பதைத் தன் நடைமுறையாகவே கொண்டது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராய் 1961இல் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், அடைக்கலக் கூடமாயிருந்த இடத்தை வந்து காட்டிப் போகும் மருத்துவமனையாக மாற்ற அரும்பாடுபட்டார். பின்னாளில், நோயாளிகளின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிய ‘ஆஷா’ என்ற அமைப்புக்கும் உறுதுணையாயிருந்தார். இத்தகைய இடங்களில் நோயாளியுடன் தங்கியிருக்கும் உறவினர் ஒரு காவலாளாக அல்ல, ஒரு மாணவராகவே தங்குகிறார். எது நோய், எது சுபாவம், எப்போது வற்புறுத்தலாம், எப்போது விட்டுவிடவேண்டும் என்பவற்றைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். வீட்டில் தொடரப்போகும் பல ஆண்டுகளுக்கு அந்தப் பயிற்சிதான் கைம்முதல்.

அந்தப் பயிற்சி கிடைக்காத நாம் பேசும் பேச்சுகள் எப்படிப்பட்டவை! ‘உனக்கு என்ன குறைச்சல்?’ என்கிறோம், குறைச்சல் ஒன்றுமில்லாதிருந்தும் இப்படி இருக்கிறோமே என்பதுதான் அவரை இரவெல்லாம் அரிக்கும் குற்றவுணர்வு. ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்’ என்கிறோம். அதனால் அவர் தம் துன்பத்தைச் சொல்லும் தகுதியையும் இழந்துவிடுகிறார். நான் விசாரித்த நோயாளிகளுள் பலரும் தமக்கு உதவியாயிருந்த பேச்சாகச் சொன்னவை மிகச் சாதாரணமானவை. ‘சாப்பிட்டாயா?’ ‘நான் கடைக்குப் போகிறேன், கூட வருகிறாயா? பேசவேண்டாம், சும்மா வா.’ ‘டாக்டரிடம் இந்த முறை நான் கூட வருகிறேன்.’ ஒரு கல்லூரி மாணவி, தன் அறைத்தோழி ஒவ்வொரு நாள் இரவும் ஒரு சொல்லும் பேசாமல் தன் கட்டிலோரம் உட்கார்ந்து பாடம் படிப்பாள் என்றும், அந்தப் பக்கம் புரட்டும் சத்தத்தில்தான் தனக்குத் தூக்கம் வரும் என்றும் சொன்னார்.

பேசியே தீரவேண்டிய ஒன்றும் உண்டு. நெடுநாள் சோர்வுற்றவருக்குச் சாவைப் பற்றிய எண்ணம் வருவது அரிதன்று. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பயந்து வீட்டார் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் ஆதாரமற்றது என்பது மனநல வைத்தியர்களின் ஒருமித்த கருத்து; ‘வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா?’ என்று அன்பாகவும் நேராகவும் கேட்பது, அதுவரை தனியே சுமந்த ஒன்றை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் கொடுக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். எண்ணிக்கையில் இந்தியாவிலேயே இரண்டாவது இடம் இது. அவர்கள் அனைவரும் மனச்சோர்வாளர்கள் அல்லர். ஆயினும் அவர்களுள் ஒரு பகுதியினரிடம் ஒருவர் கேட்டிருக்கலாம். போலீஸ் வழக்கு வரும் என்ற அச்சத்துக்கும் இப்போது இடமில்லை. 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்று பிழைத்தவரைக் கடும் மனநெருக்கடிக்கு உள்ளானவராகவே கொண்டு, தண்டிப்பதை விலக்கி, அவருக்குச் சிகிச்சையளிப்பதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குச் செய்வதை மனநோய்க்கும் செய்யவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல வைத்தியர் இருக்கிறார்; குறித்த நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் சென்று பார்க்கிறார்; மருந்து இலவசம். ஆனால் அந்த மருந்துக்காக மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறிச் சென்று, வரிசையில் நிற்கவேண்டும். எழுந்திருப்பதே பெரும்பாடாயுள்ள நோயாளியிடம் இந்த அலைச்சலை எதிர்பார்க்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதே கையில், நோய் நிலைப்பட்ட மனச்சோர்வாளரின் மாத்திரையையும் கொடுத்தனுப்பலாம். மருந்தைக் கொண்டுவரும், தெருவறிந்த ஊழியப் பெண்மணிக்கு, கோவாவில் செய்ததுபோல் சில வாரப் பயிற்சியும் அளித்தால், மாதம் ஒரு முறை ‘தூக்கம் வருதா? மாத்திரையை விடாம போடறீங்களா?’ என்று கேட்பதற்கு அவரைக்காட்டிலும் உரியவர் வேறு எவர்? சுகாதாரத் துறையார் இதை மனத்திற்கொள்ளவேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, அந்தத் தையற்காரரின் மனைவியைப் பற்றி. ஒரு நாள் அந்த அம்மாளிடம், ‘உங்களுக்கு அலுப்பாக இல்லையா?’ என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அலுப்புன்னு சொன்னா அவருக்குத் தெரிஞ்சிருமேன்னு சொல்றதில்லைங்க” என்றார். வருஷக்கணக்காக ஒருவரைத் தாங்குகிறவர்களுக்கும் அதே சோர்வு தொற்றிக்கொள்வதுண்டு. அவர்களிடம் நலம் விசாரிப்பார் எவருமில்லை. அந்த அம்மாளின் நாத்தனார் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து தம் அண்ணனுடன் இருக்கிறார். அந்த நாட்களில் அம்மாள் தம் தாய்வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். இப்படி ஒருவர் சுமையை இன்னொருவர் முறைவைத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நோயின் முதல் வருஷத்திலேயே செய்துகொள்வது நல்லது. உறவினர் இல்லாதவர்கள், அல்லது உறவினரிடம் சொல்லக் கூசுகிறவர்கள், அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையை எந்நேரத்திலும் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். 1986 முதல் சென்னையில் தொண்டு செய்துவரும் ஸ்நேகா அமைப்பின் தன்னார்வலர்கள் 044-24640050 என்ற எண்ணில் பேசுகிறார்கள். இந்த எண்களை நோயாளி மட்டுமே அழைக்கவேண்டும் என்பதில்லை. அவரைப் பார்த்துக்கொள்கிறவரும் தமக்காகவே அழைக்கலாம்.